இருபத்திரண்டு கொடுத்த வண்டி

டீசல் போட வருகிற ஆண்கள் இரண்டு விஷயத்தில் உண்மை பேசமாட்டார்கள். ஒன்று, வண்டி கொடுக்கும் மைலேஜ். இன்னொன்று எனக்குத் தேவையில்லாதது. பெட்ரோல் பங்கில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பில் போடுகிறவள் நான். இந்தக் கூண்டுக்குள்தான் எனக்குத் தலை நரைத்தது. லிட்டருக்கு முப்பது கொடுக்கிறது என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, வாரம் முடிவதற்குள் காலி டேங்கோடு வந்து நிற்கிற வீரர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் வீட்டில் என்ன பேசுவார்கள் என்பதைக்கூட என்னால் ஊகிக்க முடியும்.

அந்தக் கூட்டத்தில் பொய் சொல்லாத ஒரே ஆள் என் அத்தான், என் அக்காவின் கணவர். அவர் வண்டி லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் கொடுத்தது. பங்கில் அவருக்குப் பெயரே இருபத்திரண்டு. "இருபத்திரண்டு வந்தாச்சு, மூணாவது மெஷினைக் காலி பண்ணு" என்று ஆட்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுப்பார்கள். அதைக் கேட்டு அவர் முகத்தில் வருகிற பெருமையைப் பார்க்கவேண்டும். பிள்ளை பள்ளியில் முதலாவதாக வந்தபோதுகூட அப்படி ஒரு முகம் வரவில்லை என்று அக்கா சொல்லுவாள்.

மூன்றாவது மெஷினில்தான் போடுவார். அங்கேதான் தரை சாய்வில்லாமல் இருக்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. திங்கட்கிழமை காலையில், அதே மெஷின், அதே கோட்டின் மேல் அதே சக்கரம். குழாய் தானாக நின்றதும் மற்றவர்கள் எடுத்து மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அத்தான் விடமாட்டார். டீசல் நுரைக்கும், நுரை அடங்கினால் உள்ளே இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதற்கு வண்டியை ஆட்டவேண்டும். அவர் ஒரு பக்கமும் அக்கா ஒரு பக்கமும் நின்று, கூரையில் கை வைத்து, மாறி மாறித் தள்ளுவார்கள். பின்னால் நிற்கிற லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். "குழந்தை தூங்கிடுச்சாண்ணே?" என்று ஒருவர் கேட்டது இன்றைக்கும் பங்கில் ஓடுகிற ஜோக்.

டேங்க் வாயின் விளிம்பில் டீசல் பளபளப்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் மூடியைப் போடுவார். அடுத்த திங்களும் அதே விளிம்புவரை நிரப்புவார். அன்றைக்கு எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ, அத்தனையும் நடுவில் ஓடிய தூரத்துக்குச் செலவானது. தூரத்தை லிட்டரால் வகுத்தால் மைலேஜ். இதில் கதை விட இடமே இல்லை. நான் கூண்டுக்குள்ளிருந்து பில்லை நீட்டுவேன், அவர் மனதுக்குள்ளேயே வகுத்து, விரல்களால் இரண்டு இரண்டு என்று காட்டுவார். "பாத்தியா கேஷியரம்மா?" என்பார். நான் பார்க்காத மாதிரி அடுத்த வண்டிக்குப் பில் போடுவேன். அவரை ஏற்றிவிடுவது என் வேலை இல்லையே.

அவருக்குத் தொழில் மருந்து சுமப்பது. ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கிலிருந்து மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையில் வரிசையாக இருக்கிற சிற்றூர்களின் மருந்துக்கடைகளில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்புவார். கார்தான். பின் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெட்டிகள். முன் சீட்டில் அக்கா. கடை வாசலில் வண்டி நின்றதும் அவள் பில் ஃபைலோடு இறங்கி, சரக்கை எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, கடைக்காரரின் மனைவியின் முட்டிவலிவரை விசாரித்துவிட்டு வருவாள். அத்தான் பெட்டியைத் தூக்குவதோடு சரி. அவருக்குக் கடைகளின் பெயர் தெரியும், அக்காவுக்குக் கடைகளின் குடும்பமே தெரியும்.

கல்யாணமான புதிதில் ஏதோ ஒரு நாள் துணைக்குப் போனவள், அப்படியே அந்த சீட்டிலேயே தங்கிவிட்டாள். அவர்கள் வாழ்க்கையில் பாதி அந்தக் காருக்குள்தான் நடந்தது. வீட்டில் பேசவேண்டியதை எல்லாம் அங்கேதான் பேசுவார்கள். மகனின் படிப்பு, மாமியாரின் பிடிவாதம், என் வாய்த்துடுக்கு, எல்லாம் அங்கே அலசப்பட்டிருக்கிறது. சண்டையும் அங்கேதான். ஓடுகிற காரிலிருந்து கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது என்பதால் அடுத்த கடைக்குள் சமாதானம் ஆகிவிடும் என்று அக்கா சிரிப்பாள். கூடவே ஃபிளாஸ்கில் டீ. ஒவ்வொரு இரண்டு கடைக்கு நடுவிலும் அரைக் கப் ஊற்றி, முதலில் தான் ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியை அவருக்கு நீட்டுவாள். மூடி போட்ட கப் வாங்கிக் கொடுத்தேன், பிளாஸ்டிக் நாறுகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அகலமான, மூடியில்லாத எவர்சில்வர் கப்தான் வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். சாதாரணக் காய்ச்சல்தான் என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரமே போய்விட்டாள். என்னைவிட மூத்தவள், ஆனால் போகிற வயசு இல்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

காரியங்கள் முடிந்து, அத்தான் தனியாகப் பங்குக்கு வந்த முதல் திங்கள் எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாவது மெஷினைச் சொல்லாமலே காலி பண்ணிவைத்தார்கள். குழாய் நின்றதும் அவர் இந்தப் பக்கம் நின்று ஒரு தள்ளு தள்ளினார். பிறகு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் ஒரு தள்ளு. மறுபடி இந்தப் பக்கம். அன்றைக்கு ஒரு லாரிக்காரரும் ஹாரன் அடிக்கவில்லை. நான் கூண்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்து அக்கா நிற்கிற பக்கம் நின்று தள்ளினேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்கடுத்த திங்கள் பில்லை வாங்கி வகுத்துப் பார்த்துவிட்டு, "பதினெட்டு" என்றார். தப்பாக வகுத்திருப்பார் என்று நானும் வகுத்தேன். பதினெட்டுதான். அதற்கும் அடுத்த வாரம் அதேதான். அதே பாதை, அதே கடைகள், அதே பெட்டிகள், அக்காவின் எடை வேறு இல்லை. ஏசி போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். அக்காவுக்கு ஏசி ஆகாது, அவள் இருந்தபோதும் போட்டதில்லை, இப்போதும் போடவில்லை. "இஞ்சின்ல ஏதோ கோளாறு" என்றார் அத்தான். சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சின்னத் தெளிவு வந்ததை நான் கவனித்தேன். பல நாளாகப் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தவருக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது.

மெக்கானிக் நல்ல மனிதர், எங்கள் பங்குக்குப் பின்னாலேயே பட்டறை வைத்திருக்கிறார். வண்டியை முழுசாகப் பார்த்தார். இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் பண்ணினார், ஃபில்டர்களை மாற்றினார், பிரேக் இழுக்கிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். இஞ்சின் கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அத்தான் நம்பவில்லை. கல்லு மாதிரி இருக்கிற இஞ்சின் ஏன் நாலு கிலோமீட்டரை முழுங்குகிறது? பதில் இல்லாத இடத்தில்தான் மைலேஜ் சாமான் விற்கிற கடைக்காரர்கள் வந்து உட்காருவார்கள்.

முதலில் வந்தது காந்தம். டீசல் குழாயின் மேல் இந்தக் காந்தத்தை மாட்டினால், டீசலின் துகள்கள் எல்லாம் ஒழுங்காக வரிசையில் நின்று எரியுமாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே வரிசையில் நிற்பதில்லை, டீசல் நிற்குமா என்று கேட்டேன். மாட்டினார். பதினெட்டு. அந்தக் காந்தம் இப்போது என் கூண்டுக்குள் பழைய பில்களைப் பிடித்துக்கொண்டு இரும்புச் சட்டத்தில் இருக்கிறது, அதனால் விளைந்த பயன் அதுதான். பிறகு டீசலில் கலக்கிற ஒரு புட்டி. பிறகு காற்று தாராளமாகப் போகிற ஸ்பெஷல் ஃபில்டர். காற்றோடு தூசியும் தாராளமாகப் போகும் என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, புகையில் ஒரு பங்கைத் திரும்ப இஞ்சினுக்குள் அனுப்புகிற வழியைத் தகடு வைத்து அடைத்தால் இஞ்சின் சுத்தமாக மூச்சு விடும் என்று யாரோ சொன்னார்கள். அடைத்தார். டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. மைலேஜ் அசையவில்லை. விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு ஓட்டினார்.

ஒவ்வொரு திங்களும் புதுசாக ஒன்று. ஓடும் தூரம் வாராவாரம் ஒன்றுதான், அதனால் நான் பில்லை நீட்டும் முன்பே மனதுக்குள் வகுத்துவிடுவேன். அவர் முகம் விழப்போகிறது என்று அவருக்கு முன்னால் எனக்குத் தெரிவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு திங்கள் ஓடியே வந்தார். கூண்டுக் கண்ணாடியைத் தட்டி, விரலால் இரண்டும் சுழியும் காட்டினார். இருபது. டயர் மாற்றியிருந்தார். அகலம் குறைந்த, கொஞ்சம் சின்ன டயர், தரையில் உரசல் குறைவாம். அக்கா போனபிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்தார். ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இன்னும் இரண்டுதான் பாக்கி என்று முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் புத்தி சும்மா இருக்குமா? இந்த வாரம் ஏதாவது கூடுதல் கடைக்குப் போனீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் ஓடிய தூரம் மட்டும் எப்படிக் கூடியிருக்கிறது? அதே வீடு, அதே கிடங்கு, அதே கடைசிக் கடை. தூரம் கூடியிருக்க ரோடா வளர்ந்தது? சக்கரம் சின்னதானால் அதே தூரத்துக்கு அதிகச் சுற்றுச் சுற்றும், மீட்டர் சுற்றைத்தான் எண்ணுகிறது. அவர் ஓடாத கிலோமீட்டரை மீட்டர் ஓடியதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கையில் டீ கிளாஸோடு நின்றவர் குனிந்து டயரைப் பார்த்தார். ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஒரு வாரம் அவர் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. கணக்கு தப்பாக இருந்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அந்த வாரக் கடைசியில் அக்கா மகன் வந்தான். தூரத்து நகரத்தில் வேலை, மனைவி, இரண்டு குழந்தைகள். வண்டியை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி அப்பாவை அவன் கேட்காத மாதம் கிடையாது. வியாபாரி பாதைக்கு இவ்வளவு என்று டீசலுக்கு அளந்துதான் கொடுத்தார், மிச்சம் அத்தான் கையைக் கடித்தது. கடித்தது போதாதென்று இந்த மராமத்துச் செலவு. "அப்பா யாருக்காக இந்த வண்டியைக் கட்டிக்கிட்டு அழறாரு சித்தி?" என்று என்னிடம் கேட்டான். கேட்டவுடன் அவனுக்கே பதில் தெரிந்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் அப்பனும் பிள்ளையும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வண்டி பழையபடி இருபத்திரண்டு கொடுத்தால் அத்தான் ஓட்டுவார், மகன் வாயைத் திறக்கக்கூடாது. கொடுக்காவிட்டால் வருஷம் முடிவதற்குள் விற்றுவிட்டுக் கிளம்பவேண்டும். எந்த அப்பனும் பிள்ளையும் இப்படி ஒரு பந்தயம் கட்டியிருக்கமாட்டார்கள். வகுத்து வருகிற ஒரு எண்ணை நம்பி அத்தான் வாழ்க்கையை வைத்தார்.

அதன்பிறகுதான் லேப்டாப்காரர் வந்தார். இஞ்சினை இயக்குகிற கம்ப்யூட்டருக்குள் வயரை மாட்டி, உள்ளே இருக்கிற கணக்கையே மாற்றி எழுதுவாராம். இழுவை கூடும், மிதிக்கவேண்டிய அவசியமே இருக்காது, அதனால் டீசல் மிச்சம். சொல்லிக் கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. அத்தான் தன் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி விற்று அதைச் செய்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். வண்டி பறந்தது. காலை வைத்தால் சீறிக்கொண்டு போனது. திங்கட்கிழமை வகுத்தால் பதினேழு.

அன்றைக்கு அவர் மூடியைக்கூடச் சரியாகத் திருகவில்லை. பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே உள்ளே பார்த்தேன். அக்காவின் சீட் காலியாக இருந்தது, அதில் ஒரு பெட்டியைக்கூட அவர் வைப்பதில்லை. பில் ஃபைல் மட்டும் கீழே, கால் வைக்கிற இடத்தில் விழுந்து கிடந்தது. அதன் மூலைகள் எல்லாம் நசுங்கியிருந்தன. அக்கா இருந்தவரை அந்த ஃபைல் மடங்கி நான் பார்த்ததில்லை. எடுத்து சீட்டில் வைத்தேன். "விழுந்துகிட்டே இருக்கும், விடு" என்றார்.

யாரோ டீசல் திருடுகிறார்கள் என்றுதான் நான் முடிவு கட்டினேன். கிடங்கில் நிற்கும்போது குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள், வேறென்ன? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து பிடித்துவிடுவது என்று லீவு போட்டேன். லேப்டாப்காரர் செய்ததை மெக்கானிக் வேறொருவரைப் பிடித்துப் பழையபடி மாற்றிவைத்தார். புகை வழியில் வைத்த தகட்டை எடுத்தார். டயரும் பழைய அளவு. வண்டி அக்கா இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆயிற்று. விளிம்புவரை நிரப்பி, நான் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம் ஆட்டி, ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஃபிளாஸ்க் எனக்காக எடுத்ததுதான். எனக்கும் டீ இல்லாமல் பொழுது போகாது, அது எங்கள் வீட்டு வியாதி. கப் அக்காவுடையது, அவள் வீட்டு அலமாரியில் கைக்குக் கிடைத்தது.

முதல் கடைக்குப் போவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சிக்னல் விழுந்ததும் குதித்துக்கொண்டு கிளம்பினார். எதிரே லாரி தெரிந்தால் கடைசிவரை மிதித்துக்கொண்டே போய், அதன் பின்பக்கத்து எழுத்தெல்லாம் படிக்கிற தூரத்தில் பிரேக் போட்டார். ஃபைல் என் மடியிலிருந்து பறந்தது. அப்போதுதான் அதன் மூலைகள் நசுங்கிய கதை எனக்குப் புரிந்தது. எப்போதிலிருந்து இப்படி ஓட்டுகிறீர்கள் என்று கத்தினேன். எப்பவும் இப்படித்தானே ஓட்டுகிறேன் என்று அவர் ஆச்சரியப்பட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை.

முதல் கடையில் சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்பினோம். படபடப்பு அடங்கட்டும் என்று நான் ஃபிளாஸ்கைத் திறந்து, அந்த அகலக் கப்பில் டீ ஊற்றினேன்.

வண்டி மெதுவானது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கப் என் கையில் இருக்கிறது என்பதை அவர் கண் ஓரத்தில் பார்த்திருக்கவேண்டும், பார்த்தது அவருக்கே தெரிந்திருக்காது. கால் தானாக எழும்பியது. தூரத்தில் லாரி தெரிந்தபோதே வேகத்தை விட்டுவிட்டார், பிரேக்கைத் தொடவே இல்லை. மேட்டில் ஒரே சீராக ஏறி, இறக்கத்தில் வண்டியை அதன் போக்கில் உருளவிட்டார். டீ கப்புக்குள் லேசாக அசைந்தது, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை நீட்டினேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்து, கப்பை நீட்டும்போதுதான் என் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தார்.

கப் காலியானதும் வண்டி மறுபடி சீறியது. நான் மறுபடி ஊற்றினேன். கால் மறுபடி எழும்பியது.

அன்றும் மறுநாளும் நான் கப்பைக் கீழே வைக்கவில்லை. ஆறிப்போன டீயைக்கூடக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷமாக அக்கா அந்த சீட்டில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் அவரிடம் மெதுவாகப் போங்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. டீ குடித்தாள், அவ்வளவுதான். காந்தமும் தகடும் லேப்டாப்பும் கொண்டுவர முடியாத நாலு கிலோமீட்டரை ஒரு மூடியில்லாத கப் கொண்டுவந்திருக்கிறது. இந்தக் கண்டுபிடிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அவரிடம் சொல்லவேண்டும் என்று நாக்கு துடித்தது, அளந்து காட்டிவிட்டுத்தான் சொல்வது என்று அடக்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் மூன்றாவது மெஷின். விளிம்புவரை நிரப்பினோம், ஆட்டினோம், மறுபடி நிரப்பினோம். நானே உள்ளே போய்ப் பில் போட்டேன். வகுத்தார். விரல் எழும்பவில்லை. மறுபடி வகுத்தார். "இருபத்திரண்டு" என்றார், சத்தமே வராமல். அதற்குள் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஆட்கள் கை தட்டிவிட்டார்கள். இருபத்திரண்டு வந்தாச்சு என்று பழைய குரல் ஒன்று எழுந்தது.

என்ன மாத்தின, எந்த பார்ட் என்று கேட்டார். எதையும் மாற்றவில்லை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பழையபடி வைத்தோம், அவ்வளவுதான் என்றேன். கோளாறு இஞ்சினில் இல்லை, உங்கள் காலில் என்றேன். கப்பைத் தூக்கிக் காட்டினேன். சிந்தக்கூடாதென்று கால் தானாக அடங்குகிறது, அக்கா இருந்தவரை அடங்கியே இருந்தது என்று விலாவாரியாக விளக்கினேன். கணக்கு சரியாக வந்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள், இனிமேல் யாரும் வண்டியை விற்கச் சொல்ல முடியாது என்றுகூடச் சொன்னேன்.

அவர் கப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இஞ்சின்ல ஒண்ணுமே இல்லையா?" என்றார்.

ஒன்றுமே இல்லை, கல்லு மாதிரி இருக்கிறது என்றேன்.

"இஞ்சின் கெட்டிருக்கும்னு நம்பிட்டு இருந்தேன்மா. கெட்டிருந்தா எப்படியாவது சரி பண்ணிருக்கலாம்."

அப்போதுதான் நான் வாயை மூடினேன். அவருக்குப் பின்னால் லாரி ஒன்று காத்துக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை. என்னைப் பார்க்காமல், மெஷினின் எண்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவுல வண்டிக்குள்ள சத்தமே இருக்காது. சீக்கிரம் அந்தக் கடை வந்துட்டா, யாராவது ஒரு ஆள் முகத்தைப் பாக்கலாம்னு இருக்கும். அதான் மிதிக்கிறேன் போல. எனக்கே தெரியல."

கப்பை டேஷ்போர்டின் மேல் வைத்துக்கொண்டு தனியாகப் போய்ப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். தண்ணீரை ஊற்றி வைத்துக்கொண்டாலும் கால் அடங்கும், கணக்குப்படி அது சரிதான். ஆனால் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் சரியான கணக்கு ஒன்றை நான் சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான். அழுகையாக வந்தது, கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அக்கா போனபோதுகூட ஊர் பார்க்க அழுதேன், அன்றைக்குத்தான் தனியாக அழுதேன்.

அதற்கப்புறம் சில திங்கட்கிழமைகள் வந்தார். விளிம்புவரை நிரப்பமாட்டார், குழாய் நின்றதும் மூடியைப் போட்டுவிடுவார். பில்லை வாங்கி, பார்க்காமலே பையில் வைப்பார். ஆட்கள் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "வாங்க சார்" என்றார்கள். பந்தயத்தில் ஜெயித்தவர், மகனுக்குப் போன் பண்ணி, வண்டியை வாங்க ஆள் பார்க்கச் சொன்னார். ஏன் என்று அவன் கேட்கவில்லை. நான்தான் அவனிடம் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லியிருந்தேன்.

வாங்க வந்தவர் பாத்திரக்கடைக்காரர், சின்ன ஊர்களுக்குச் சரக்குப் போட வண்டி தேவையாம். கைமாற்றுகிற அன்று அத்தானே வண்டியைப் பங்குக்குக் கொண்டுவந்தார். டேங்க் நிறைத்துக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டாராம். மூன்றாவது மெஷின். குழாய் நின்றதும் என் கூண்டைப் பார்த்தார். நான் வெளியே வந்து அக்கா பக்கம் நின்றேன். இருவரும் கூரையில் கை வைத்து மாறி மாறித் தள்ளினோம், இந்த முறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே. விளிம்பில் டீசல் பளபளக்கும்வரை நிரப்பினோம். பாத்திரக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, இந்த வண்டிக்கு இதுதான் வழக்கம் போல என்று நினைத்துக்கொண்டார்.

சாவியை வாங்கிக்கொண்டு, எல்லோரும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார். உண்மையான மைலேஜைச் சொல்லுங்க, விளம்பரத்துல போடுறதெல்லாம் வேண்டாம் என்றார்.

அத்தான் மூடியைத் திருகி, கையைத் துடைத்துக்கொண்டார்.

"தனியா போனா பதினெட்டு. ரெண்டு பேரா போனா இருபத்திரண்டு."

ரெண்டு பேர் ஏறினால் குறையத்தானே செய்யும், கூடுமா என்று பாத்திரக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆட்களும் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. நான் கூண்டுக்குள் போய்ப் பில் போட்டேன். மைலேஜைப் பற்றி அந்தப் பங்கில் யாரும் அப்படி ஒரு உண்மையைச் சொல்லி நான் கேட்டதில்லை.